இடம் மாறிய பத்தி

1

போன வாரம் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு மின்னஞ்சலைப் பார்த்தேன். பதினோரு வருடமாக நான் எழுதிவரும் இந்த வலைப்பூவை நடத்துகிற கம்பெனி அனுப்பியது. பழைய எடிட்டரை அடுத்த மாதத்தோடு எடுத்துவிடுகிறார்களாம். இனி எல்லோரும் புதிய எடிட்டரில்தான் எழுத வேண்டுமாம். உங்கள் பத்திகளைக் கட்டம் கட்டமாக நகர்த்தி மகிழுங்கள் என்று சொல்லி, கடைசியில் ஒரு மஞ்சள் முகத்தைச் சிரிக்க வைத்திருந்தார்கள்.

கைபேசியை எதிர்ச் சுவரில் ஓங்கி அடித்தேன்.

திரை தெறித்துச் சமையலறை முழுக்கக் கண்ணாடித் துகள். என் மகள் கயல் அறைக் கதவைத் திறந்து பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் எதை அடித்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாது. ஒன்றரை வருடமாகப் பனி, ரசம், ரயில் வேலைநிறுத்தம் என்று நாலைந்து பதிவுகள் மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். இதை நோட்பேடில் எழுதுகிறேன். அதில் தடித்த எழுத்து கிடையாது, படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. ஒரு வரியை எங்கே வைத்தேனோ அங்கேயே கிடக்கும். எனக்கு அது போதும்.

2

என் பெயர் மலர்விழி. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்து பதினேழு வருடமாக ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். கணவர் பழனி ஒரு கிடங்கில் சரக்கு இறக்குகிறார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், செய்ததை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். யாருக்கு எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் கூட இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு.

சேர்ந்த புதிதில் ஒரு முதியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. கட்டுப் போட்டுவிட்டு வந்து அறிக்கை எழுதினேன். இந்த மொழியில் விழுந்தார் என்பதற்கும் பிடித்திருந்தது என்பதற்கும் ஒரே சொல்தான். முன்னால் வருகிற குட்டித் துணைச்சொல்தான் எது என்று காட்டும். நான் துணைச்சொல்லை மாற்றிப் போட்டுவிட்டேன். 'காலை ஏழு மணிக்குக் குளியலறையில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது, நிறைய ரத்தம்' என்று ஆகிவிட்டது. மேற்பார்வையாளர் அதைச் சத்தமாகப் படித்தார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு சின்னச் சொல் இடம் மாறினால் ரத்தம்கூட வேடிக்கையாகிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

3

என் தம்பி செந்தில் மினி லாரி வைத்திருக்கிறான். மலைமேல் ஊர்களிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிச் சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி மில்லில் இறக்குவான். எங்கள் ஊரைச் சேர்ந்த குணா என்பவன் அவனைப் பிடித்துக்கொண்டான். கிழங்கு மூட்டைக்கு அடியில் சாராயம் நிரப்பிய லாரி டியூப் இரண்டை மறைத்துக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். செந்தில் முடியாது என்றான். குணா மூன்று மாதம் கேட்டான், மூன்று மாதமும் அதே பதில்.

ஒரு மத்தியானம், மலையிலிருந்து இறங்குகிற வளைவில், குணாவும் இன்னும் இரண்டு பேரும் சாலையில் கல்லை உருட்டிப் போட்டு வண்டியை நிறுத்தினார்கள். குணா கதவைத் திறந்து செந்திலின் சட்டையைப் பிடித்து இழுத்தான். சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து அதாலேயே தாடையில் அடித்தான். எலும்பு இரண்டாகப் போனது. இரண்டாவது அடி இடது கண்ணுக்கு மேலே. விழுந்தவனை மூன்று பேரும் மிதித்தார்கள்.

லோடுக்கு மேலே மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தவர் வெள்ளையன். மலையூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், ஆறு வருடமாகச் செந்திலோடு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். மேலே இருந்து அப்படியே குதித்தார். அடிக்கிறவர்களை அவர் தொடவில்லை. செந்தில் மேல் குப்புற விழுந்து, கையிரண்டையும் அவன் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு கிடந்தார். மிச்ச அடி எல்லாம் அவர் முதுகில் விழுந்தது. கீழேயிருந்து பஸ் ஏறிவரும் சத்தம் கேட்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அந்த பஸ்ஸிலேயே தம்பியை ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தம்பி மனைவி சுமதி வரும்வரை காத்திருந்து நடந்ததைச் சொல்லிவிட்டு, முதுகுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். செந்திலைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

சுமதி எனக்குப் போன் செய்தபோது நான் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, வாய முழுக்கக் கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. மூஞ்சியே அவரு மூஞ்சி மாதிரி இல்ல அண்ணி. வெள்ளையன் மட்டும் மேல வியலன்னா அங்கயே முடிச்சிருப்பானுங்க."

பின்னாலேயே ஒரு படத்தை அனுப்பினாள். வீங்கிக் கறுத்து, ஒரு கண் மூடி, அது என் தம்பியா என்று நெற்றித் தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஸ்பூன் கையிலேயே இருந்தது. பாட்டி வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

4

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து எழுதினேன். அழுதுகொண்டு எழுதவில்லை. குணா என் முன்னால் இருந்திருந்தால் அதே ஸ்பானரால் அவன் மண்டையைப் பிளந்திருப்பேன், அந்த வெறியில் எழுதினேன்.

அந்த வாரம்தான் கம்பெனி எல்லோருக்கும் புதிய எடிட்டரைத் திறந்துவிட்டிருந்தது. ஒரு பத்தி முடித்து என்டர் தட்டினால் அதைச் சுற்றி ஒரு கட்டம் விழும். கட்டத்தின் பக்கத்தில் மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. அம்பைத் தட்டினால் கட்டம் ஒரு படி நகரும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நான் எழுதியது கடிதம் மாதிரி ஓட வேண்டும், பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

கடைசி நாலு பத்தி இவை. எழுதியபடியே தருகிறேன்.

'குணா எங்கள் ஊர்க்காரன். சாராய டியூப்பை ஏற்றச் சொல்லித் தம்பியை மூன்று மாதமாக மிரட்டியவன்.

முதல் அடி இவன் அடித்ததுதான். வீல் ஸ்பானரால் தாடையில் அடித்தான். இவனை ஊர் சும்மா விடக் கூடாது.

வெள்ளையன் மலைக்காரன். தம்பி வண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். ஆறு வருடமாக எங்கள் வீட்டில் சோறு தின்றவன்.

தம்பி கீழே விழுந்ததும் அவன் மேல் விழுந்து படுத்தான். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.'

தம்பியின் படத்தையும் போட்டேன், அது இரண்டாவது பத்திக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கயலைக் கூப்பிட்டேன். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

"மாமா படத்தை ஒரு படி கீழ இறக்கிட்டு, பப்ளிஷ் குடுத்துடு."

அவள் படத்தைப் பார்த்தாள். இரண்டு மாதம் முன்பு வீடியோவில் பேசிச் சிரித்த மாமாவின் முகம் அது. உடனே திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரைக்கண்ணால் பார்த்தபடி அம்பைத் தட்டினாள். தட்டியது படத்தின் அம்பை அல்ல, அதற்கு மேலே இருந்த பத்தியின் அம்பை. பத்தி படத்தைத் தாண்டி இறங்கியது. சரியாக வரவில்லையே என்று இன்னொரு முறை தட்டினாள். இன்னொரு கட்டம் தாண்டி இறங்கியது. பப்ளிஷ் கொடுத்துவிட்டாள்.

கயலுக்குத் தமிழ் பேச வரும். படிக்க வராது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது பத்தி மூன்றாவதுக்குக் கீழே போய்விட்டது. இப்போது நீங்களே வரிசையாகப் படித்துப் பாருங்கள். வெள்ளையன் மலைக்காரன், எங்கள் வீட்டில் சோறு தின்றவன். முதல் அடி இவன் அடித்ததுதான். இவனை ஊர் சும்மா விடக் கூடாது. தம்பி கீழே விழுந்ததும் அவன் மேல் விழுந்து படுத்தான், கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

5

இங்கே காலை பத்து மணி இடைவேளையில் போன் அடித்தது, ஊரில் அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது. பெரியப்பா மகன் பாபு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பின்னால் பைக் சத்தம்.

"அக்கா, முடிச்சிட்டோம்க்கா. நீ நிம்மதியா வேலையப் பாரு."

"என்னடா முடிச்சீங்க?"

"மலைக்காரன் கைய ஒடச்சாச்சி. வூட்ட ஒண்ணு இல்லாம இடிச்சித் தள்ளிட்டோம். சோறு துன்ன வூட்டுக்கே துரோகம் பண்ணுவானா அவன்? நீ எழுதினத காலையிலயே நம்ம ஊரு குரூப்புல போட்டுட்டாங்க. படிச்சிட்டு நெஞ்சு ஆறல. உன் கொழுந்தன் குமரேசனும் வந்தான்க்கா, நாலு பேரு போனோம்."

எந்த மலைக்காரன் என்று கேட்டேன். பைக் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

"இன்னாக்கா, நீதான எழுதின. வெள்ளையன்தான்."

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். கையை ஒடித்தோம் என்று அவன் சொன்ன அந்த முதல் நொடியில், பெயர் தெரிவதற்கு முன்னால், எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. நன்றாக வேண்டும் என்றே மனம் சொன்னது. பெயரைக் கேட்ட பிறகுதான் அந்தக் குளிர்ச்சி போனது. சலவை அறையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கைபேசியில் என் பதிவைத் திறந்து படித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரும் இரண்டு பைக்கில் மலை ஏறியிருக்கிறார்கள். வெள்ளையன் முதுகில் பச்சிலை வைத்துக் கட்டிக் குப்புறப் படுத்திருந்தார். தம்பி வீட்டு ஆட்கள் என்றதும், பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மனைவியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். சொம்போடு வந்தவரைத் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். வலது கை முழங்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் உடைந்தது. கூரைத் தகரத்தைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார்கள். வளர்த்த இரண்டு ஆட்டையும் அடித்தே கொன்றார்கள்.

சேலத்தில் சுமதி செந்திலிடம் சொன்னாள். அவனால் வாயைத் திறக்க முடியாது. தொண்டைக்குள்ளேயே கத்தினானாம், கம்பி கட்டிய இடத்தில் ரத்தம் வழிந்ததாம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினான். வெள்ளையன் இல்லை, வெள்ளையன் இல்லை, வெள்ளையன் இல்லை. தாள் கிழியும் வரை எழுதினான். சுமதி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். மேலே ஒரே ஒரு வரி: 'அண்ணி, இன்னா எழுதி வச்சீங்க?'

குணா அந்தக் களேபரத்தில் பெங்களூருக்கு ஓடிவிட்டான். மூன்று வாரம் கழித்துத்தான் பிடித்தார்கள்.

6

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கயலிடம் கேட்டேன். எந்த அம்பைத் தட்டினாய்?

அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். "இதை. ரெண்டு தடவை. ஏன்?"

அறைந்தேன். ஒரு அறை இல்லை. விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தேன். பழனி ஓடி வந்து என் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை. அவள் உதடு கிழிந்துவிட்டது. அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஜெர்மனில் கேட்டாள், "நான் என்ன செய்தேன்?"

இந்த நாட்டில் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். பள்ளியில் உதட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போனோம். பொறுமையான ஒரு பெண் அதிகாரி, முன்னால் படிவம். எதற்காக அடித்தீர்கள் என்று கேட்டாள்.

ஒரு பத்தி இடம் மாறிவிட்டது என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். நான் சொல்லச் சொல்லத் துணைச்சொற்கள் எல்லாம் எனக்குத் தாறுமாறாகப் போயின. வெள்ளையன் தம்பி மேல் விழுந்தார் என்று சொல்ல வந்து, தம்பியை வெள்ளையனுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னேன். யார் யாரை அடித்தது என்று அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் குழப்பினேன். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல், என்னைப் பார்க்காமல், தெளிவான ஜெர்மனில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குணா அடித்தது, வெள்ளையன் காப்பாற்றியது, தான் தட்டிய அம்பு, உடைந்த கை, தன் உதடு. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள்.

ஆறு மாதம் மாதத்துக்கு ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். அவளை அதற்குப் பிறகு தொட்டதில்லை. தொடுவதற்கு அவளும் கிட்டத்தில் வருவதில்லை.

7

பதிவை அன்றைக்கே எடுத்துவிட்டேன். தவறு நடந்துவிட்டது, வெள்ளையன் நிரபராதி என்று மூன்று வரி போட்டேன். முதல் பதிவைப் பரப்பிய குரூப்பில் அதை ஒருவரும் பரப்பவில்லை.

வலைப்பூ கம்பெனியின் உதவிப் பக்கத்துக்கும் எழுதப் போனேன். உங்கள் பிரச்சினை என்ன என்று ஒரு பட்டியல் தந்தார்கள். எழுத்துரு, நிறம், படம், கடவுச்சொல், மற்றவை. மற்றவை என்பதைத் தட்டி எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, வெளியிடுவதற்கு முன் முன்னோட்டம் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள் என்றது. அவர்கள் சொன்னதும் தப்பில்லை. நான் பார்க்கவில்லை.

அந்த எடிட்டரைத் திட்டியே பல மாதம் ஓட்டினேன். பழைய எடிட்டருக்கு மாற ஒரு மூலையில் வழி இருந்தது, மாறிக்கொண்டேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று நோட்பேடுக்கு வந்தேன். ஆனால் வெறும் எழுத்தாக அந்த நாலு பத்தியையும் நோட்பேடில் போட்டு, திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குணாவையும் நான் அவன் என்றுதான் எழுதியிருக்கிறேன். வெள்ளையனையும் அவன் என்றுதான் எழுதியிருக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர், என் தம்பி உயிரைக் காப்பாற்றியவர். அவர் என்று ஒரு மரியாதை கொடுத்து எழுதியிருந்தால், பத்தி எங்கே போய் விழுந்திருந்தாலும், 'முதல் அடி இவன் அடித்தது' என்ற வரி அவர் பெயரோடு ஒட்டியிருக்காது. எங்கோ தப்பு என்று படிக்கிறவனுக்குத் தட்டுப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் அவரை யாரும் அவர் என்று சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

சோறு தின்றவன் என்று எழுதியதும் நான்தான். அவர் உழைத்துத் தின்றதை நாங்கள் போட்ட பிச்சை மாதிரி எழுதியிருக்கிறேன். இதெல்லாம் எந்த எடிட்டரும் செய்தது அல்ல.

8

எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். செந்தில் மறுபடி வண்டி ஓட்டுகிறான். இடது கண்ணில் பாதிப் பார்வைதான். பேசினால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. என்னை மலைக்கு அவனே கூட்டிப் போனான். கல்லை உருட்டிய அந்த வளைவில் வண்டியை மெதுவாக்கக்கூட இல்லை, வேகமாகத் திருப்பினான்.

வெள்ளையன் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டிருந்தது. செந்தில் வாங்கிக் கொடுத்தது. அவருடைய வலது கை வளைந்தே ஒட்டியிருந்தது. தோளுக்கு மேல் தூக்க வரவில்லை. மூட்டை இனி இல்லை. அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கும்பிட்டேன். வார்த்தை தேடி ஏதேதோ சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன்.

"ஏதோ மிஷினு பண்ண தப்புன்னு செந்திலு சொன்னாப்ல," என்றார்.

"மிஷின் மட்டும் இல்லைங்க. நானும்தான்."

அவர் தன் வளைந்த கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நேராகக் கேட்டார்.

"குணா பேர மறுநாளே எழுதிப்புட்டீங்க. செரி. என் வூட்ட இடிச்சாங்களே, அவங்க பேர எழுதினீங்களாம்மா?"

நான் செந்தில் பக்கம் திரும்பினேன்.

"உங்க பெரியப்பா மவன்னு வுட்டுட்டீங்க."

"கேஸ் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். சாட்சி யாருன்னு கேட்டாங்க. என் சம்சாரம் பார்த்துக்கினு இருந்துச்சு. வேற யாரும் பார்க்கலயாம். ஊரே காட்டுக்குப் போயிருந்துச்சாம்." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "உங்ககிட்ட மட்டும் போன் பண்ணி அவனே சொன்னானாமே. செந்திலு சொன்னாப்ல. நீங்கதாம்மா எனக்குச் சாட்சி."

திரும்பும் வழியில் செந்தில்தான் பேசினான்.

"எழுதுக்கா. பெரியப்பா வூட்டு ஒறவு போவும். போவட்டும். என் மேல வியுந்த ஆளுக்கா அவரு."

எழுதுகிறேன் என்றேன். திரும்பி வந்து பனியைப் பற்றி எழுதினேன்.

9

கைபேசியை உடைத்த அன்று சாயங்காலம் கயல் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருடத்தில் அவளாக வந்து உட்கார்ந்தது அன்றுதான். அந்தக் கம்பெனியே வேண்டாம், நான் ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்றாள். "நீ நோட்பேடில் எழுதுற ஃபைல் அப்படியே மேல போகும். கட்டம் கிடையாது. யாரும் நகர்த்த முடியாது. நானும் முடியாது." கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்து முடித்தாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. நீங்கள் இப்போது படிப்பது அதில்தான்.

எழுதி முடித்துவிட்டு, போடுவதற்கு முன்னால் வெள்ளையனுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்று மத்தியானம் செந்தில் அவர் வீட்டுக்குப் போய்ப் பழனியின் கைபேசிக்குப் போன் செய்தான். இரண்டு பக்கமும் ஸ்பீக்கரில் போட்டோம். இங்கே மேஜையைச் சுற்றி நான், கயல், பழனி.

தொடக்கத்திலிருந்து வாசித்தேன். கடைசியில் பெயர்கள் வந்தன. பாபு, என் பெரியப்பா மகன், வெள்ளையனின் கையை ஒடித்தவன் என்று முதலில் எழுதியிருந்தேன். பாபு போனில் பீற்றிக்கொண்டதை வைத்து எழுதியது. மற்ற இருவர் பெயர் எனக்குத் தெரியாது என்றும், குமரேசன், என் கணவரின் தம்பி, கூடப் போனவன் என்றும் கடைசி வரியாக வைத்திருந்தேன்.

"நிறுத்தும்மா," என்றார் வெள்ளையன். "அது தப்பு."

"எதுங்க?"

"பாபு என் கை மேல கை வைக்கல. அவன் என் சம்சாரத்து முடியப் புடிச்சிக்கினு நின்னான். ஒடச்சது குமரேசன். கதவுக்குப் போடுற கட்டையால. ஒரு தபா அடிச்சான், கை தொங்கிப் போச்சி. பொறவு கல்லு மேல வச்சி இன்னொரு தபா."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "ஆமா. அவன்தான். செவப்புச் சட்ட."

நான் பழனியைப் பார்த்தேன். குமரேசன் அவர் தூக்கி வளர்த்த தம்பி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் பேசுவார்கள். பழனி நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"மலரு, அதை எழுதாத. அவன் கூடப் போனான்னே இருக்கட்டும்."

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாபு செய்யாததை அவன் பேர்ல எழுதச் சொல்றீங்களா?" என்றேன்.

அவர் மேஜை மேல் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துத் தரையில் அடித்தார். கோட்டை மாட்டாமலே வெளியே போனார். கதவு அடித்த வேகத்தில் சுவரில் இருந்த நாள்காட்டி விழுந்தது. இதை எழுதும்வரை அவர் திரும்பி வரவில்லை.

கயல் அசையவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நான் கடைசி வரியை வெட்டி எடுத்து மேலே வைத்தேன். விட்டுப்போனதைச் சேர்த்து எழுதினேன். ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, போனில் வாசித்தேன்.

"குமரேசன், என் கணவரின் தம்பி. வெள்ளையன் அவர்களின் வலது கையைக் கதவுக்கட்டையால் இரண்டு இடத்தில் ஒடித்தவன். பாபு, என் பெரியப்பா மகன். வெள்ளையன் அவர்களுடைய மனைவியின் முடியைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு அதைப் பார்க்க வைத்தவன். அன்று ஜெர்மன் நேரம் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து சொன்னவனும் இவன்தான். அதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். இவர்களைக் கிளப்பிவிட்டது நான் எழுதிய பதிவு. மற்ற இருவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் மனைவி வெளியே வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"இன்னொரு தபா படிங்கம்மா," என்றார் வெள்ளையன். "அவளும் கேக்கட்டும்."

படித்தேன்.

"ம். இப்ப சரியா இருக்குது. போடுங்க."